வெறுங்கால் வீரர் ஷிவ்நாத் சிங்

சப்பாத்து இல்லையென்று பிள்ளையை ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பாத வீடுகள் நம் தோட்டத்தில் உண்டு. அவர்களுக்காகவே இவர் கதையை எழுதுகிறேன்.

ஷிவ்நாத் சிங் 1946-இல் பீகார் கிராமமொன்றில் பிறந்து, பட்டாளத்தில் சேர்ந்தவர். பெரும்பாலும் வெறுங்காலோடுதான் ஓடுவார். மிஞ்சிப்போனால் காலில் பிளாஸ்திரி சுற்றிக்கொள்வாராம்! 1974-இல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டரில் தங்கம். 1976 மொன்றியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11-ஆவது இடம். 42 கிலோமீட்டருக்கு மேல், அடேயப்பா! 1978-இல் ஜலந்தரில் அந்தத் தூரத்தை 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். 40 ஆண்டு கழித்தும் எந்த இந்தியரும் அதைத் தாண்டவில்லை. 2003-இல் காலமானார்.

நம்ம திகாம் பத்துப் புழுக்கத்தில் வேர்வை காயாது, உடம்புச் சூடும் இறங்காது. அதனால் பால்மரம் சீவக் கிளம்பும்போதே பிள்ளையையும் எழுப்பி விடுங்க. கையில் ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்து அனுப்புங்க.