சுத்தினாத்தான் வெளிச்சம்

போன செமஸ்டர் மினி புராஜெக்ட்டுக்கு நாங்க நாலு பேர் எடுத்தது, கையால் சுற்றி சார்ஜ் ஏற்றுகிற டார்ச். தலைப்பைப் படிச்சதும் கிளாஸே சிரிச்சுது. மத்த டீம் எல்லாம் ட்ரோன், ரோபோ என்று போய்க்கொண்டிருந்தபோது, திருவிழாக் கடையில் விற்கிற பொம்மையை எதுக்குடா மக்கா செய்யுறீங்கன்னு கேட்டாங்க.

எனக்குக் காரணம் இருந்தது. என் ஊர் முட்டம். லைட் ஹவுஸ் பாறையையும் கடலையும் 'அலைகள் ஓய்வதில்லை', 'கடலோரக் கவிதைகள்' படங்களில் பார்த்திருப்பீங்க. அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கிற முட்டம் வேற. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடிச்சப்ப நான் சின்னப் பையன். கடலுக்குப் போன வள்ளங்கள் திரும்பலை. ஊரில் மின்கம்பம் எல்லாம் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லை. ராத்திரி கரையில் நின்ற பெரியவங்க கையில் இருந்த டார்ச்சுகள் ஒவ்வொன்றாக மங்கியது மட்டும் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. மாத்துறதுக்கு செல் வாங்க ஒரு கடையும் திறந்திருக்கவில்லை.

சரி, டார்ச்சுக்கு வருவோம். பழைய கியர் மோட்டாரை எடுத்துத் தலைகீழாகப் பயன்படுத்தினோம். கரண்ட் கொடுத்தால் சுற்றுவது மோட்டார், நாம் சுற்றினால் கரண்ட் கொடுப்பது ஜெனரேட்டர். அதிலிருந்து வருவதை நாலு டயோடு வழியாக ஒரே திசைக்குத் திருப்பி, ஒரு சூப்பர் கபாசிட்டரில் சேர்த்து, அங்கிருந்து எல்.இ.டி.க்கு. கபாசிட்டரை இணைக்காமல் சுற்றினப்ப கைப்பிடி பம்பரம் மாதிரி ஓடியது. இணைச்சதும் கனத்துப் போச்சு. பல் சிக்கிடுச்சுன்னு நினைச்சு எங்க டீம் பையன் கியர் பாக்ஸை முழுசாகக் கழற்றி, துடைத்து, கிரீஸ் போட்டு மறுபடி மாட்டினான். அப்பவும் அதே கனம். சர்க்யூட்டைக் கழற்றினால் லேசு, மாட்டினால் கனம். ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் உறைச்சுது. சிக்கல் எதுவும் இல்லை. கையில் தெரியுற அந்த எடைதான் விளக்கில் எரியப் போகுது.

லென்ஸ் விதியை எழுதி முழு மார்க் வாங்கினவங்கதான் நாங்க. அதை முதன்முதலா கையில் உணர்ந்தது அன்னைக்கு. அந்த வாரம் லைப்ரரியில் மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கை வரலாற்றை எடுத்தேன். விதியைப் படிச்ச அளவுக்கு அந்த மனுஷனைப் படிக்காமல் விட்டுட்டோமேன்னு இருந்தது.

1791 செப்டம்பர் 22-ல் லண்டனுக்குத் தெற்கே நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாதவர். வீட்டில் நாலு பிள்ளைகள். 1801-ல் தானிய விலை ஏறினப்ப, மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று அளந்து கொடுத்த வீடு அது. பள்ளிக்கூடப் படிப்பு எழுதப் படிக்கக் கற்றதோடு முடிந்தது. 13 வயசில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி, அடுத்த வருஷம் அங்கேயே புத்தகம் பைண்ட் பண்ணுகிற வேலைக்கு ஏழு வருஷப் பயிற்சி.

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் பையன் படிக்கவும் செய்தான். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை, ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் உரையாடல்கள். படிச்சதைச் செய்து பார்க்கணும் என்பது அவருக்கு நோய் மாதிரி. அரைப் பென்னிக் காசு ஏழு, அதே அளவு துத்தநாகத் தட்டு ஏழு, நடுவில் உப்புத் தண்ணியில் நனைத்த காகிதம். இப்படி அடுக்கி சொந்தமாக ஒரு பேட்டரி செய்திருக்கிறார். மாலை நேர அறிவியல் சொற்பொழிவுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தது அண்ணன் ராபர்ட். அவரும் கொல்லர் வேலைக்காரர்தான். இந்த அண்ணனை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருவார்.

வேலை தேடின கதை நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கு. ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு எழுதின கடிதத்துக்குப் பதில் இல்லை. 1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருத்தர் கொடுத்த டிக்கெட்டில், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் நாலு சொற்பொழிவுகளைக் கேட்டார். எல்லாத்துக்கும் படம் போட்டு நோட்ஸ் எடுத்து, 300 பக்கத்துக்கு மேல், தன் கையாலேயே பைண்ட் பண்ணி டேவிக்கே அனுப்பினார். இதைவிட நல்ல ரெஸ்யூம் நான் பார்த்ததில்லை. கொஞ்ச நாளில் ஆய்வக வெடிப்பு ஒன்றில் டேவியின் கண்ணில் அடிபட, எழுதித் தர ஆள் தேவைப்பட்டது. 1813 மார்ச்சில் உதவியாளர் வேலை நிரந்தரமானது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் ரெண்டு அறை, எரிக்க நிலக்கரி, மெழுகுவர்த்தி. ஆமா, சம்பளத்திலேயே வெளிச்சமும் ஒரு பங்கு.

டேவியோடு ஐரோப்பா முழுக்க ஒன்றரை வருஷம் சுற்றினார். டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகத்தான் நடத்தினார். திரும்பி வந்ததும், சுரங்கத் தொழிலாளிகளுக்காக டேவி செய்த பாதுகாப்பு விளக்குக்கு உதவி செய்தார். 1821-ல் சாரா பர்னார்டைக் கல்யாணம் பண்ணினார். அதே வருஷம், கரண்ட் போகிற கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழல்வதைப் பாதரசக் கிண்ணத்தில் காட்டினார். முதல் மின் மோட்டார் அது. அவசரமாக வெளியிட்டதில், அதே யோசனையில் இருந்த வொலாஸ்டனின் பெயரைச் சொல்லாமல் விட்டது பெரிய பிரச்சினையானது. 1824-ல் அவரை ராயல் சொசைட்டிக்குத் தேர்ந்தெடுப்பதை டேவியே எதிர்த்தார். எதிராக விழுந்தது ஒரே ஓட்டு. வளர்த்துவிட்டவருக்கே வளர்ந்தது பிடிக்காமல் போன கதை. அதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்லை.

நான் சொல்ல வந்தது அடுத்த பத்து வருஷத்தைப் பற்றி.

கரண்ட்டால் காந்த விளைவு வருது என்பது 1820-லேயே தெரிந்துவிட்டது. அப்போ காந்தத்தால் கரண்ட் வரணுமே? ஃபாரடே 1824-ல் முயற்சி பண்ணினார். 1825-ல் பண்ணினார். 1828-ல் பண்ணினார். காந்தத்தைக் கம்பிக்குப் பக்கத்தில் வெச்சு, கால்வனோமீட்டர் முள் நகருதான்னு பார்த்தார். நகரவே இல்லை. இவர் மட்டும் தோற்கலை. ஜெனீவாவில் கொலாடோன் என்பவர், காந்தம் முள்ளைப் பாதிக்கக் கூடாதென்று கால்வனோமீட்டரை அடுத்த அறையில் வெச்சிருந்தார். காந்தத்தைச் சுருளுக்குள் நுழைச்சுட்டு, நடந்து போய்ப் பார்ப்பார். அதுக்குள்ள முள் அசைந்து முடிந்து பழைய இடத்துக்கு வந்திருக்கும். உதவிக்கு ஒரு ஆள் இருந்திருந்தால் இன்னைக்கு நாம கொலாடோன் விதி படிச்சிருப்போம்.

எல்லாரும் தேடினது, காந்தம் சும்மா இருக்கும்போது தொடர்ந்து வருகிற கரண்ட். அப்படி ஒண்ணு கிடையாது. 1831 ஆகஸ்ட் 29 அன்று ஃபாரடே, ஆறு அங்குல இரும்பு வளையத்தின் ரெண்டு பக்கமும் செம்புக் கம்பி சுற்றினார். அப்போ இன்சுலேட் பண்ணின கம்பி கடையில் கிடைக்காது. சுற்றுக்குச் சுற்று நூலும், அடுக்குக்கு அடுக்கு துணியும் வெச்சுப் பிரித்தார். ஒரு பக்கம் பேட்டரியை இணைத்ததும் மறுபக்கம் முள் துள்ளி, அடங்கிவிட்டது. பேட்டரியை எடுத்ததும் எதிர்த் திசையில் துள்ளியது. நடுவில் எத்தனை நேரம் கரண்ட் ஓடினாலும் ஒன்றுமில்லை. அந்தத் துள்ளலை இரைச்சல் என்று ஒதுக்காமல் அதையே பின்தொடர்ந்ததுதான் அவர் செய்த வேலை. அக்டோபர் 17-ல் காந்தத்தைச் சுருளுக்குள் நுழைப்பதும் உருவுவதுமாக, அசைவிலிருந்தே கரண்ட் எடுத்துவிட்டார். குலுக்கினால் எரிகிற டார்ச் பார்த்திருப்பீங்களே, அது இந்தச் சோதனைதான், ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள்ளே.

அக்டோபர் 28. வூல்விச்சில் இருந்த ராயல் சொசைட்டியின் பெரிய காந்தத்தின் துருவங்களுக்கு நடுவில், 12 அங்குலச் செம்புத் தகடு ஒன்றைச் சுழல விட்டார். அச்சில் ஒரு தொடுப்பு, விளிம்பில் ஒரு தொடுப்பு. சுற்றுகிற வரைக்கும் முள் ஒரு பக்கமாகவே நின்றது. உலகத்தின் முதல் ஜெனரேட்டர்.

அதில் ஒரு எல்.இ.டி. எரியுமான்னு நாங்க கணக்குப் போட்டோம். காந்தப்புலம் 0.1 டெஸ்லா, நொடிக்கு ரெண்டு சுற்று என்று உத்தேசமாக வெச்சா, கிடைப்பது சுமார் 14 மில்லிவோல்ட். வெள்ளை எல்.இ.டி.க்கு 3 வோல்ட்டுக்கு மேல் வேணும். அதாவது இருநூறுக்கு மேல் தகடுகளைத் தொடராக இணைக்கணும். தகடு என்பது ஒரே ஒரு சுற்றுக் கம்பி மாதிரி. நம்ம குட்டி மோட்டாருக்குள் நூற்றுக்கணக்கான சுற்று மெல்லிய கம்பியும், கைச்சுற்றைப் பல மடங்கு வேகமாக்கும் கியரும் இருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான், தத்துவம் ஒண்ணுதான். மறு வருஷமே பாரிஸில் பிக்ஸி என்ற கருவி செய்பவர், கைப்பிடியால் குதிரைலாடக் காந்தத்தைச் சுருளுக்குக் கீழே சுழற்றும் இயந்திரத்தைச் செய்துவிட்டார். ஃபாரடே அந்தப் போட்டிக்குப் போகவில்லை. கை எதிர்ப்பை உணர்வதை விதியாக்கியவர் லென்ஸ், 1834-ல்.

நம்ம பாடப்புத்தகம் ஃபாரடேயை இங்கேயே விட்டுடும். முட்டத்துக்காரனுக்குக் கதை இனிமேல்தான்.

1836-ல், இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைக் கவனிக்கும் ட்ரினிட்டி ஹவுஸுக்கு அறிவியல் ஆலோசகரானார். வருஷம் 200 பவுன். 1865 வரை, 29 வருஷம் அந்த வேலை. எண்ணெய், திரி, கண்ணாடி, அடியில் தேங்குகிற குடிதண்ணீர் என்று எதையெல்லாமோ சோதித்திருக்கிறார். முக்கியமான ஒன்று: எண்ணெய் விளக்கு எரியும்போது நீராவி வரும். குளிரில் அது கண்ணாடியில் படிந்து வழியும், உறையும். உள்ளே விளக்கு நல்லாத்தான் எரியும், கடலில் இருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. விளக்கின் புகையையும் ஆவியையும் குழாய் வழியாகத் தனியே வெளியேற்றும் ஏற்பாட்டை ஃபாரடே செய்தார். அதற்குக் காப்புரிமையும் எடுக்கப்பட்டது, 1843-ல். எடுத்தது மைக்கேல் இல்லை. விளக்குத் தொழிலில் இருந்த அண்ணன் ராபர்ட்டுக்கு அதை விட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு ஷில்லிங் கொடுத்தாரே, அவர்தான்.

பிறகு ஹோம்ஸ் என்பவர் வந்தார். நீராவி எஞ்சினால் காந்த இயந்திரத்தைச் சுழற்றி, ரெண்டு கரித்துண்டுகளுக்கு நடுவில் வில் விளக்கு எரிக்கலாம் என்றார். 1858 டிசம்பரில் சவுத் ஃபோர்லேண்ட் கலங்கரை விளக்கத்தில் சோதனை தொடங்கியது. தான் 1831-ல் கண்டுபிடித்தது கடலைப் பார்த்து எரிவதை, 27 வருஷம் கழித்து, ஆய்வாளராக ஃபாரடேதான் போய்ப் பார்த்தார். 1860 பிப்ரவரியில் போனப்ப பனியால் பாதை அடைபட்டு லண்டனுக்கே திரும்பினார். அதே வாரம் மறுபடி கிளம்பி, வேலிகளையும் மதில்களையும் வயல்களையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தார். வயசு 68. ஞாபக மறதி ஏற்கெனவே தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தது. தன் கண்டுபிடிப்பு என்பதற்காக அவர் சலுகை காட்டவில்லை. வெளிச்சத்தை மெச்சினார், செலவையும் சேர்த்தே எடுத்துச் சொன்னார். 1862-ல் டஞ்சனெஸ் கலங்கரை விளக்கத்தில் மின் விளக்கு வந்தது. சில வருஷங்களில் அங்கே திரும்ப எண்ணெய்க்கே போனார்கள் என்பதும் உண்மை.

பட்டங்களை அவர் விரும்பவில்லை. ராயல் சொசைட்டித் தலைவர் பதவியையும் மறுத்தார். கணிதம் அவருக்குக் கைவரவில்லை. அவர் மனசில் பார்த்த காந்தக் கோடுகளைச் சமன்பாடாக்கியவர் மேக்ஸ்வெல். குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் கடைசியாக அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவர்த்தி. 1867 ஆகஸ்ட் 25-ல், ஹாம்ப்டன் கோர்ட்டில் ராணி கொடுத்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். ஹைகேட் கல்லறையில் சாதாரணக் கல் ஒன்று இருக்கிறது.

எங்க டார்ச் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. கைப்பிடி 6 செ.மீ., நொடிக்கு ரெண்டு சுற்று, கை கொடுக்கும் விசை 5 நியூட்டன் என்றால், சுமார் 3.8 வாட். மோட்டார், கியர், டயோடு மூணும் சேர்ந்து பாதியைத் தின்னுடும். 10 ஃபாரட் கபாசிட்டர் (அந்த அலகிலும் அவர் பேர்தான்) 5 வோல்ட்டிலிருந்து 3-க்கு இறங்கும்போது 80 ஜூல் தரும். ஒரு சின்ன எல்.இ.டி.க்குக் கணக்கில் இருபது நிமிஷம், நிஜத்தில் கால் மணி நேரம். மீதி ரெசிஸ்டரில் சூடாகப் போச்சு. அதுக்கு ஒரு நிமிஷம் சுற்றினால் போதும்.

லீவுக்குப் போனப்ப சித்தப்பாகிட்ட கொடுத்தேன். ஒரு வாரம் வள்ளத்தில் கொண்டுபோனார். வெளிச்சம் குறை சொல்ல முடியாது, ஆனா கைப்பிடி நுழையுற ஓட்டை வழியா உப்புத் தண்ணி இறங்குது, நனைஞ்ச கைக்குக் கைப்பிடி வழுக்குது, ரொம்பக் கனமாவும் இருக்குன்னு திருப்பிக் கொடுத்தார். முதல் ரெண்டுக்கும் ரப்பர் வளையமும் சைக்கிள் கைப்பிடி உறையும் வாங்கியாச்சு. மூணாவதுக்கு, கைப்பிடியை 9 செ.மீ. ஆக்கிப் பார்க்கிறோம்.