வட்டங்களால் வாதம் தெளிவித்தவர்

நியாயத்தொடை வினாக்களை வட்டமிட்டு விடுவிக்கும் மாணாக்கர் பலர். அவ்வழி வகுத்த ஜோன் வென்னை அறிந்தார் சிலரே. இங்கிலாந்தின் ஹல் நகரிலே 1834இற் குருமார் குடியிற் பிறந்த அவர், 1859இல் தாமும் குருவாகி, பின்னர்க் கேம்பிரிட்ஜில் அளவையியல் கற்பித்தார்.

ஒயிலர் முன்னரே வட்டங்களைக் கையாண்டதுண்டு. ஆயின், தொகுதிகளின் தொடர்பை முழுதும் அறிந்த பின்னரே அவற்றை வரைதல் கூடும். வென் 1880இல் மூன்று வட்டங்களை ஒன்றையொன்று வெட்டுமாறு வரைந்து, எடுகூற்றுகள் விலக்கும் இடங்களை மாத்திரம் நிழற்றினார். புலவர் யாவரும் மாந்தர், மாந்தருள் இறவாதார் எவருமிலர் என்பவற்றை நிழற்றினால், புலவர் வட்டமும் இறவாதார் வட்டமும் கூடுமிடம் முற்றும் கறுத்துவிடும். முடிவு கண்முன்னே நிற்கும், புலவர் பொறுத்தருள்க!

தெளிவை நாடிய அவ்வுள்ளம் தன்னையும் சோதித்தது. திருச்சபைக் கோட்பாடுகளை மனமார ஏற்க இயலாமையால் 1883இற் குருத்துவத்தைத் துறந்தார், இறைபத்தியைத் துறந்தாரல்லர். பின்னாளிலே தம் கல்லூரியிற் பயின்றோர் வரலாறுகளைத் தொகுத்து, 1923இல் மறைந்தார்.