பூகம்ப காலத்தில் பாபு ராஜேந்திர பிரஸாத்

1934-ம் வருஷம் ஜனவரி மாதம் 15-ந் தேதி பகல் இரண்டே கால் மணி சுமாருக்கு வட பீஹாரிலும் நேபாளத்திலும் பூமி அதிர்ந்தபோது, பாபு ராஜேந்திர பிரஸாத் சர்க்காரின் கைதியாக இருந்தார். ஆஸ்துமா நோய்க்காரரான அவர் சிறைவாசத்தால் நலிவுற்று, காவலின்கீழ் பாட்னா ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று வந்தார்.  இந்த நிலையில் இருந்த ஒரு மனிதரிடந்தான் அந்த மாகாணம் தன் துயரத்தை ஒப்படைத்தது.

அவரது பூர்வ சரித்திரத்தைச் சுருங்கக் கூறுவோம். 1884-ம் வருஷம் டிஸம்பர் 3-ந் தேதி ஸாரண் ஜில்லா ஜீராதேயி கிராமத்தில் பிறந்தார். கல்கத்தா ஸர்வகலாசாலைப் பிரவேசப் பரீக்ஷையில் 1902-ல் முதல்வராகத் தேறினார். வக்கீல் தொழிலில் பெரும் பொருளும் புகழும் காத்திருந்தன. 1917-ல் காந்தியடிகள் சம்பாரணுக்கு வந்தார். அவுரித் தோட்டக்காரர்களின் கொடுமையைப் பற்றிக் குடியானவர்கள் கூறிய வாக்குமூலங்களை ஆயிரக்கணக்கில் எழுதிய வக்கீல்களுள் ராஜேந்திர பாபுவும் ஒருவர். 1920-ல் தொழிலையே துறந்தார். அன்று வாக்குமூலம் கொடுத்த குடியானவர்களின் ஜில்லாத் தலைநகரான மோதிஹாரியும் 1934-ல் இடிந்து கிடந்தது.

பூகம்பத்தின் தன்மையை நேயர்கள் சிறிது அறிதல் வேண்டும். பீஹாரில் மட்டும் மாண்டோர் 7,200-க்கு மேற்பட்டவர். நேபாளத்தில் 8,500-க்கு மேல். மோங்கீர் நகரத்தின் கடைவீதி கல்லும் மண்ணுமாகக் குவிந்தது. பகற்பொழுதாக இல்லாமல் இரவாக இருந்திருப்பின் சாவு எத்தனை மடங்காகியிருக்குமோ! ஆயினும் வீடு விழுந்தது ஒரு பாதிதான். மோதிஹாரி முதல் ஸீதாமடி வழியாகப் பூர்ணியா வரையில் சுமார் முந்நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் தன் உறுதியை இழந்து, கட்டடங்கள் சாய்ந்தும் புதைந்தும் போயின. வெடிப்புகளின் வழியாக நீரும் மணலும் பீறிட்டெழுந்து விளைநிலங்களை மூடின. கிணறுகள் மணலால் தூர்ந்தன. சர்க்கரை ஆலைகள் பழுதுற்றதால் வெட்டுவதற்குத் தயாராயிருந்த கரும்பு வயலிலேயே நின்றது. ஆகவே பிணங்களை அகற்றி, கம்பளி வழங்கி, கஞ்சி வார்ப்பதோடு முடியும் வேலையாக அது இல்லை. குடிதண்ணீருக்குக் கிணறு தூர் வாங்க வேண்டும். உழவனுக்கு நிலத்தை மீட்டுத் தர வேண்டும். மழைக்கு முன்பு குடிசை வேண்டும்.

இரண்டு நாட்களில் ராஜேந்திர பாபு விடுதலையானார். படுக்கையில் இருக்க வேண்டிய அவர் பீஹார் மத்திய நிவாரணக் கமிட்டியை அமைத்து நாடெங்கும் வேண்டுகோள் விடுத்தார். வைஸ்ராயும் தனியே ஒரு நிதி திரட்டினார். அதிகாரமும் பதவியும் செல்வாக்கும் அவர் பக்கம் இருந்தன. பாபுவின் நிதியோ 38 லட்சம் ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. வைஸ்ராயின் நிதி அதில் மூன்றில் ஒரு பங்களவே நின்றது. நேற்று வரை கைதியாயிருந்தவரை நம்பி ஜனங்கள் பணம் அனுப்பினர்! சட்டமறுப்பு ஒடுங்கிவிட்டது, காங்கிரஸ் மாய்ந்தது என்று மகிழ்ந்திருந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை வேறென்ன வேண்டும்?

அப்போது காந்தியடிகள் ஹரிஜன யாத்திரையாக நமது தமிழ்நாட்டில் இருந்தார். தீண்டாமைப் பாபத்துக்குக் கடவுள் அளித்த தண்டனையே பூகம்பம் என்று அவர் கருதினார். கவி தாகூர் அதை ஒப்பாமல் வெளிப்படையாக மறுத்தார். பூமியின் மேலோட்டுத் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்குவதே காரணம் என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. இவ்விஷயத்தில் நாம் கவியின் பக்கமே. ஆனால் மார்ச் மாதம் பீஹாருக்கு வந்த அடிகள், நிவாரண வேலையில் சர்க்காருடன் ஒத்துழைக்கக் கமிட்டியார் முன்வர வேண்டுமென்று தீர்மானம் செய்வித்தார். தோழர்கள் பலர் இன்னும் சிறையில் இருக்கையில் இது தொண்டர்களுக்குக் கசப்பாகவே இருந்திருக்கும். ஆயினும் மணல் மூடிய கிணற்றின் அருகே தாகத்தோடு நிற்பவனுக்கு அந்தக் கசப்பினால் என்ன பயன்? ராஜேந்திர பாபு அதை உணர்ந்து நடந்தார்.

கணக்கு விஷயம் இங்கே முக்கியமானது. பொதுப் பணத்தில் ஒரு காசு தவறினாலும் எதிரிகள் சும்மா விடார். தஞ்சாவூரில் பிறந்த ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பாவைப் பொருளாதார ஆலோசகராகப் பாபு வரவழைத்தார். தொண்டரின் சாப்பாட்டுச் செலவுக்கு அவர் விதித்த அளவு கடுமையானது. காந்தியடிகளும் பரிவாரத்தாரும் வந்தபோது அவர்களுடைய செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாதென்று மறுத்துவிட்டார். அடிகள் அதனை ஏற்றுக்கொண்டார். இவ்வளவு கண்டிப்பான ஒருவரைத் தேடிப் பெட்டிச் சாவியின் அருகில் வைத்த பாபுவின் யோக்கியதையையும் நாம் இங்கே பாராட்ட வேண்டும்.

அந்த வருஷம் அக்டோபரில் பம்பாயில் கூடிய காங்கிரஸுக்கு அவரே அக்கிராசனர். 1935-ம் வருஷம் மே 31-ந் தேதி அதிகாலையில் குவெட்டா நகரம் நிலைகுலைந்தது. உறக்கத்திலேயே பல்லாயிரம் பேர் மாண்டனர். இம்முறை சர்க்கார் ராணுவத்தைச் சுற்றி நிறுத்தி, வெளியார் எவரும் நகருக்குள் புகலாகாது என்றது. ராஜேந்திர பாபுவுக்கும் அனுமதி இல்லை, காந்தியடிகளுக்கும் இல்லை. ஜனங்களின் துன்பத்தைத் துடைக்கும் உரிமைக்குக்கூட அந்நிய சர்க்காரின் சீட்டு வேண்டியிருந்த காலம் அது. இடிபாடுகளுக்கடியில் உயிரோடு இருந்தவர்களை எடுக்க ஆள் போதாதிருக்கையில், பயிற்சி பெற்ற தொண்டர்களை வாசலிலேயே தடுத்த செய்கையை எந்த நியாயத்தினாலும் மூடி மறைக்க முடியாது. பாபு மனந் தளர்ந்தாரில்லை. குவெட்டா மத்திய நிவாரணக் கமிட்டியை நிறுவித் தாமே தலைமை தாங்கி, ரயிலேறி ஸிந்துக்கும் பஞ்சாபுக்கும் வந்து சேர்ந்த அகதிகளுக்கு அங்கேயே உதவி புரிய ஏற்பாடு செய்தார்.

பின்னர் 1942 முதல் மூன்று வருஷ சிறைவாசம். அங்கே தமது சுயசரிதத்தை எழுதினார். அரசியல் நிர்ணய சபையின் தலைமை, 1950 முதல் 1962 வரை குடியரசின் தலைமை ஆகியவற்றை நேயர்கள் நன்கு அறிவர். ராஷ்டிரபதி மாளிகையை விட்டபின் பாட்னாவில் ஸதாகத் ஆசிரமத்துக்கே திரும்பிய அவர், 1963-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி அங்கே காலமானார்.