தாளம் தந்தவருக்கு ஒரு தாளம்: பிக் சிட் கேட்லெட்டின் நினைவில்

பிறர் பாடவும் ஆடவும் தாளம் தருபவர்களை வரலாறு எளிதில் மறந்துவிடுகிறது. மேடையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர்களைப் பக்கத் துணையாகக் கருதுவதே வழக்கம். அமெரிக்கக் கறுப்பின டிரம்ஸ் கலைஞர் சிட்னி கேட்லெட்டின் வாழ்வை இன்று நாம் நினைவுகூர்வது இதன் பொருட்டே.

கறுப்பின மக்களின் கையில் மேளம் இருப்பதைக் கண்டு அடிமை முறை அஞ்சியது. 1739ஆம் ஆண்டில் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைப்படுத்தப்பட்டோர் மேளம் முழக்கிக் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே அக்காலனியின் சட்டம் அவர்கள் மேளம் வைத்திருப்பதைத் தடை செய்தது. பறிக்கப்பட்ட தாளத்தைக் கைதட்டலிலும் காலடியிலும் அம்மக்கள் காத்தனர். அந்த மரபின் வாரிசுகளில் ஒருவர் கேட்லெட்.

1910 ஜனவரி 17 அன்று இந்தியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரில் பிறந்த அவர், சிகாகோவில் வளர்ந்து, 1930இல் நியூயார்க் சென்றார். பேருருவம் கொண்டவர் என்பதால் 'பிக் சிட்' என அழைக்கப்பட்டார். ஆனால், அவருடைய அடியோ மென்மையும் நுட்பமும் வாய்ந்தது. உடன் வாசிப்பவரின் மூச்சறிந்து தாளம் தருவதே அவருடைய கலை. பிளெட்சர் ஹெண்டர்சன், லூயி ஆம்ஸ்ட்ராங், பென்னி குட்மன், டியூக் எலிங்டன் ஆகியோரின் குழுக்களில் அவர் வாசித்தார். பழைய தலைமுறையினர் பலர் பீபாப் என்னும் புதிய இசையை ஏற்கத் தயங்கிய 1945இல், சார்லி பார்க்கர், டிஸி கில்லெஸ்பி ஆகியோருடன் ஒலிப்பதிவு செய்தார். 1951 மார்ச் 25 அன்று, சிகாகோவின் ஓபரா அரங்கில் மேடைக்குப் பின்புறம் மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 41.

அவரை முன்னோடியாகப் போற்றிய இளையவர் மேக்ஸ் ரோச். கறுப்பின விடுதலைப் போராட்டத்தைத் தம் இசையின் உள்ளடக்கமாக்கி, 1960இல் 'வீ இன்சிஸ்ட்' என்னும் இசைத்தொகுப்பை உருவாக்கியவர் அவர். 1966இல் வெளியான 'டிரம்ஸ் அன்லிமிடெட்' இசைத்தட்டில், 'பார் பிக் சிட்' என்னும் படைப்பைத் தனியொருவராக வாசித்தார். அதில் குரல் இல்லை. வேறு கருவியும் இல்லை. 1943இல் கேட்லெட் வாசித்து ஒலிப்பதிவான 'மாப் மாப்' பாடலின் தாளத் துணுக்கே அதற்கு வித்து. அத்துணுக்கை ரோச் எடுக்கிறார், திருப்புகிறார், பிரிக்கிறார், இடைவெளி விட்டு மீண்டும் அதற்கே திரும்புகிறார். புலம்பல் ஏதுமின்றி, மறைந்தவரின் தாளத்தைக் கொண்டே மறைந்தவரை அழைக்கிறார். டிரம்ஸ் தனித்து நின்று பொருள் உரைக்க வல்லது என்பதும் அதில் மெய்ப்பிக்கப்படுகிறது.

ஊரார் சாவுக்குப் பறையடிக்கும் கடமை சுமத்தப்பட்ட மக்களிடையேயிருந்து நாம் இதைக் கேட்கிறோம். எத்தனையோ பேரை வழியனுப்பிய நம் கலைஞர்களின் பெயர்கள் எந்தச் சுவடியிலும் இல்லை. ரோச் தம் முன்னோடியின் பெயரையே படைப்பின் தலைப்பாக்கினார். நமக்குத் தாளம் கற்பித்தவர்களின் பெயர்களை எழுதி வைப்பதும், அவர்களின் அடிகளைப் பதிவு செய்வதும் இனி நம் தலைமுறையின் பணி.