பல சமயங்கள், ஓர் அறம்

மகத நாட்டின் தலைநகராகிய பாடலிபுத்திரத்தில் ஏறத்தாழக் கி.மு. 268ஆம் ஆண்டில் அசோகர் முடிசூடினார். சந்திரகுப்த மௌரியர் அவருடைய பாட்டனார், பிந்துசாரர் தந்தையார். வடமேற்கே இன்றைய ஆப்கானிஸ்தானத்தைச் சேர்ந்த கந்தகார் முதல் தெற்கே இன்றைய கருநாடகம் வரை அவருடைய பேரரசு பரவியிருந்தது. அப்பரப்பில் வேதநெறியினர், பௌத்தர், சமணர், ஆசீவகர் எனப் பல சமயத்தார் வாழ்ந்தனர். மொழியும் உணவும் வழிபாடும் இடத்துக்கு இடம் வேறுபட்டன. இத்தனை வேறுபாடுகள் உடைய மக்களை ஒன்றாக வாழச் செய்வது எது? அசோகரின் வாழ்க்கை இவ்வினாவுக்கு விடை தேடிய வாழ்க்கையாக அமைந்தது.

முதலில் அவர் படை வலிமையையே நம்பினார். ஆட்சிக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆனபின், இன்றைய ஒடிசாக் கடற்கரைப் பகுதியாகிய கலிங்கத்தின்மீது போர் தொடுத்து வென்றார். அப்போரில் ஓர் இலட்சம் பேர் மாண்டனர். ஒன்றரை இலட்சம் பேர் சிறைபிடிக்கப்பட்டு வேற்றிடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மேலும் பன்மடங்கினர் பின்னர் மடிந்தனர். இக்கணக்கைச் சொன்னவர் பகைவர் அல்லர். அசோகரே தம் கல்வெட்டில் பொறிக்கச் செய்தார்.

அதே கல்வெட்டில் அவர் மற்றோர் உண்மையையும் குறிப்பிடுகிறார். கலிங்கத்தில் வேதியர், துறவியர், இல்லறத்தார் எனப் பல நெறியினரும் இருந்தனர். அவர்கள் பெற்றோரையும் முதியோரையும் பேணினர். நண்பரிடமும் பணியாளரிடமும் அன்பாக நடந்தனர். அத்தகைய நல்லோரே போரினால் உயிரையும் உற்றாரையும் இழந்தனர். அவர்களுடைய வழிபாடுகள் வேறு. அவர்களிடம் விளங்கிய நற்பண்புகளோ ஒன்றே. இவ்வுணர்வு அசோகரின் ஆட்சியை மாற்றியது.

அசோகர் பௌத்த சமயத்தைத் தழுவினார். புத்தர் பிறந்த லும்பினிக்குச் சென்று வழிபட்டு, அவ்வூரின் வரியையும் குறைத்தார். எனினும் மக்கள் அனைவரும் பௌத்தராக வேண்டும் என்று அவர் ஆணையிடவில்லை. பெற்றோருக்குக் கீழ்ப்படிதல், உயிர்களைக் கொல்லாமை, உண்மை பேசுதல், பணியாளரிடமும் அடிமைகளிடமும் பரிவு காட்டுதல், உறவினர்க்கும் துறவியர்க்கும் ஈதல், அளவாகச் செலவிட்டு அளவாகச் சேர்த்தல் ஆகியவற்றையே அவர் வேண்டினார். எச்சமயத்தாரும் ஏற்கத்தக்க இவ்வொழுக்கத்தைத் தம்மம் என்று அழைத்தார். மக்கள் அறியும் மொழிகளில் அதனைப் பாறைகளிலும் தூண்களிலும் எழுதச் செய்தார். கந்தகாரில் அது கிரேக்கத்திலும் அரமேயத்திலும் எழுதப்பட்டது.

சமயங்களுக்குள் பகை வளராமல் இருக்கவும் அவர் வழி கூறினார். தம் சமயத்தை அளவின்றிப் புகழ்ந்து பிற சமயத்தைப் பழிப்பவர், உண்மையில் தம் சமயத்துக்கே தீங்கு செய்கிறார் என்பது அவர் கருத்து. ஆகவே நாவடக்கம் வேண்டும். பிறர் கொள்கையைச் செவிமடுத்துக் கற்கவும் வேண்டும். அவர் இதைச் சொல்லால் மட்டும் காட்டவில்லை. கயைக்கு அருகில் உள்ள பராபர் மலைக் குகைகளை ஆசீவகத் துறவியருக்கு வழங்கினார். எல்லாச் சமயத்தாரின் நலனையும் கவனிக்கத் தம்ம மகாமாத்திரர் என்னும் அதிகாரிகளை அமர்த்தினார். மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்தார். தம் ஆட்சிக்கு உட்படாத சோழ, பாண்டிய, சேர நாடுகளிலும் இவ்வசதி செய்யப்பட்டதாக அவருடைய கல்வெட்டுக் கூறுகிறது.

தில்லியில் பிரோசு சா கோட்டையில் இன்றும் நிற்கும் தூண் ஒன்று, முதலில் தோப்ரா என்னும் ஊரில் இருந்தது. அதில் அசோகர் தம் பல்லாண்டு முயற்சியை மதிப்பிடுகிறார். மக்களை அறவழியில் செலுத்த விதிகளை இயற்றுவது ஒரு முறை; சிந்திக்கச் செய்து மனத்தை மாற்றுவது மற்றொரு முறை. இவற்றுள் விதியின் பயன் சிறிது என்றும், மனமாற்றத்தின் பயனே பெரிது என்றும் அவர் முடிவு செய்கிறார்.

அசோகரின் அறத்துக்கும் எல்லைகள் இருந்தன. வென்ற கலிங்கத்தை அவர் திருப்பித் தரவில்லை. காட்டுவாழ் மக்களுக்கு அன்பைக் கூறியதோடு தம் வலிமையையும் நினைவூட்டினார். மரண தண்டனையை நீக்காமல், தண்டனை பெற்றோருக்கு மூன்று நாள் தவணை மட்டும் அளித்தார். அவர் ஏறத்தாழக் கி.மு. 232இல் மறைந்தபின், அரை நூற்றாண்டுக்குள் மௌரியப் பேரரசும் மறைந்தது.

ஆயினும் அவர் கண்ட வழி மறையவில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்துகளைப் படித்தறிந்தபின் அக்கல்வெட்டுகள் மீண்டும் பேசத் தொடங்கின. சாரநாத்தில் அசோகர் நிறுவிய தூணின் சிங்க உச்சி 1950இல் இந்திய அரசின் சின்னமாயிற்று. ஒவ்வொருவரும் தம் சமயத்தைப் போற்றலாம். எந்தச் சமயத்தையும் சாராமலும் வாழலாம். ஆனால் அனைவரும் சேர்ந்து வாழ, அனைவருக்கும் பொதுவான ஓர் ஒழுக்கம் தேவை என்பதே அசோகரின் வாழ்க்கை உணர்த்தும் பாடம்.

சிந்தித்து விடை எழுதுக

1. கலிங்க மக்களிடம் அசோகர் கண்ட பொதுப் பண்புகள் யாவை?
2. விதியைவிட மனமாற்றமே பெரிது என்னும் கருத்தை நீ ஏற்கிறாயா? காரணம் கூறுக.
3. உன் வகுப்பில் பல மொழியினரும் பல சமயத்தினரும் பயிலலாம். அனைவரும் ஏற்கத்தக்க ஐந்து ஒழுக்கங்களை எழுதுக.