தாய்க்காகத் திரும்பிய இசைமேதை

பீத்தோவன் என்றதும், செவித்திறன் இழந்த நிலையில் ஒன்பதாவது சிம்பொனியைப் படைத்த மேதை என்பதே நம் நினைவுக்கு வரும். 1824-ஆம் ஆண்டு வியன்னாவில் அது அரங்கேறியபோது எழுந்த கரவொலி அவர் காதுகளை எட்டவில்லை. நான் எழுத விரும்புவது அதற்கு 37 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கோடைக்காலத்தைப் பற்றி.

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள பான் நகரில் 1770-இல் பிறந்தவர் லுட்விக் வான் பீத்தோவன். பாட்டனார் அரசவை இசைக்குழுவின் தலைவர். தந்தை யோகான் அதே அவையின் பாடகர். அந்த வீட்டில் அடுப்பெரிந்ததே இசையால்தான். குடிப்பழக்கத்துக்கு ஆளான தந்தை, மகனைக் கடிந்தும் வருத்தியும் பயிற்றுவித்தார். 1778-இல் கொலோன் நகரில் மேடையேற்றியபோது, ஏழு வயது மகனை ஆறு வயதுச் சிறுவன் என்று விளம்பரமும் செய்தார். தம் பதின்மூன்றாம் வயதிலேயே பீத்தோவன் அரசவையின் துணை ஆர்கன் கலைஞராகி ஊதியம் பெற்றார்.

1787-இல், மொசார்ட்டிடம் பயிலும் நோக்கத்துடன் அவர் வியன்னாவுக்குச் சென்றார். இசை கற்போருக்கு அதைவிடப் பெரும்பேறு வேறென்ன? ஆனால், தாய் மரியா மக்தலேனா நோய்வாய்ப்பட்டிருப்பதாகத் தந்தையிடமிருந்து கடிதங்கள் வந்தன. பதினாறு வயது மாணவர் கனவை விட்டுவிட்டு, வழியில் கடன் வாங்கி, ஊர் திரும்பினார்.

தாயைப் பற்றியிருந்தது காசநோய். அதற்குக் காரணமான கிருமியையே 1882-இல்தான் ராபர்ட் கோக் கண்டறிந்தார் என்றால், அன்றைய மருத்துவம் என்ன செய்திருக்க முடியும்? ஜூலை 17-ஆம் நாள், நாற்பதாம் வயதில் அந்தத் தாய் மறைந்தார். அதே நவம்பரில் ஒன்றரை வயதுத் தங்கையும் இறந்தாள். அந்த இருண்ட நாட்களில் அக்குடும்பத்துக்குக் கைகொடுத்தவர் வயலின் கலைஞரான பிரான்ஸ் ரீஸ். பின்னாளில் அவருடைய மகன் வியன்னாவுக்கு வந்தபோது, பீத்தோவன் அவரைத் தம் மாணவராக ஏற்றுக்கொண்டார்.

இசை தாயைக் காக்கவில்லை. தாயற்ற வீட்டைக் காத்தது. மனைவியை இழந்த தந்தை மேலும் குடியில் மூழ்கினார். 1789-இல் பீத்தோவன் அரசரிடம் விண்ணப்பித்து, தந்தையின் ஊதியத்தில் பாதி, தம்பியர் இருவரையும் பேணத் தமக்கே கிடைக்க ஆணை பெற்றார். பதினெட்டு வயதில் அவரே குடும்பத் தலைவர்! அரசவைக் குழுவில் வயோலா வாசித்தார். பிராய்னிங் என்னும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பியானோ கற்பித்தார்.

1792-இல் மீண்டும் வியன்னாவுக்குச் சென்றபோது மொசார்ட் உயிருடன் இல்லை. அவர் 1791-இலேயே மறைந்துவிட்டார். தவறிய வாய்ப்பு தவறியதுதான். பீத்தோவன் ஹைடனிடம் பயின்றார். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகள் வீண்போயினவா? பல கருவிகளின் நடுவே அமர்ந்து, ஒவ்வொன்றும் மற்றொன்றோடு இணையும் விதத்தை நாள்தோறும் கேட்ட அனுபவமே, பின்னாளில் சிம்பொனிகள் எழுதிய கைக்குத் துணைநின்றது என்று நான் கருதுகிறேன்.

பெற்றோரின் நோய்க்காகப் பருவத் தேர்வைத் தள்ளிவைத்தவர்களும், மாலையில் வேலைக்குச் சென்று தம்பி தங்கையரைப் படிக்க வைப்பவர்களும் நம் வகுப்புகளில் உண்டு. பின்தங்கிவிட்டோமே என்று அவர்கள் மனம் தளரும்போது, பான் நகரத்து அந்த வயோலாக் கலைஞரை நினைத்துக்கொள்ளட்டும். கடமைக்காக ஐந்தாண்டுகள் தாமதித்த அவருடைய இசையை, இரு நூற்றாண்டுகள் கடந்தும் உலகம் கேட்டுக்கொண்டிருக்கிறது.