தாழிகளுக்குக் காவல் போட்ட கர்ஸன் பிரபு

கர்ஸன் பிரபு என்றதும் வங்காளப் பிரிவினைதான் நினைவுக்கு வரும். 1905ல் தேசமே அவரைத் தூற்றியது. தூற்றியதில் நியாயமும் இருந்தது. ஆனால் தென்னார்க்காட்டுக் கிராமங்களில் புதருக்குள் கிடக்கும் கல்வட்டங்களுக்கும் அந்த மனிதருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்பதைப் பலர் அறியார்.

1859ல் இங்கிலாந்தில் கெடில்ஸ்டன் என்னும் ஊரில் பிரபு குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளமையிலேயே முதுகெலும்பில் கோளாறு. இரும்புக் கச்சை கட்டிக்கொண்டுதான் நிமிர்ந்து நிற்பார். கர்வி என்று பெயர் வாங்கியதற்கு அந்தக் கச்சையும் ஒரு காரணமோ என்னவோ! நாற்பது வயது நிரம்புமுன் வைஸ்ராய் பதவி கிடைத்தது. 1899 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

அதே ஆண்டில்தான் திருநெல்வேலிச் சீமையில் ஆதிச்சநல்லூர் மேட்டை அலெக்சாண்டர் ரீ தோண்டத் தொடங்கினார். சுமார் 114 ஏக்கர் பரப்பு. மண்ணுக்குள் வரிசை வரிசையாக முதுமக்கள் தாழிகள்! எலும்புகள், இரும்பு ஆயுதங்கள், வெண்கலச் சாமான்கள், பொன் நெற்றிப்பட்டங்கள் வெளிவந்தன. 1876லேயே ஜாகர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோயிருந்தார். தடுக்கச் சட்டமில்லை.

கோயிலுக்குக் கும்பிட ஆள் உண்டு. செஞ்சிக்குக் கிழக்கே மேல்சித்தாமூரில் ஜினகாஞ்சி மடமும் பார்சுவநாதர் ஆலயமும் சமணர் பக்தியால் இன்றும் விளங்குகின்றன. பெயர் தெரியாத மூதாதையரின் புதைகுழிக்கு யார் இருக்கிறார்கள்? பாண்டவர் குழி என்று ஒரு கதை சொல்வார்கள். அப்புறம் அந்தக் கல்லையே பெயர்த்து வரப்புக்கு வைப்பார்கள்.

கர்ஸன் 1902ல், இருபத்தாறு வயதுகூட நிரம்பாத ஜான் மார்ஷலைத் தொல்பொருள் இலாகாவின் தலைவராக்கினார். 1904ல் புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தாஜ்மகாலைக் காக்க வந்த சட்டம் என்றே பலர் எண்ணுவர். அதன் விளக்கப் பிரிவிலோ, குகை, கல்வெட்டு ஆகியவற்றோடு புதைமேடும் இடுகாடும் சேர்க்கப்பட்டிருந்தன. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைப் பிறர் சிதைத்தால் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்நாளில் ஐயாயிரம் என்றால் சாமான்யத் தொகையா?

ஒரு குறை இருந்தது. சர்க்கார் கெஜட்டில் அறிவித்தால்தான் காவல். 1921ல் செஞ்சிக்கோட்டைக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. பட்டியலில் ஏறாத கல்வட்டங்களோ கல் உடைப்பவரின் தயவில் நின்றன. 1958ல் சுதந்திர இந்தியா புதுச் சட்டம் செய்தபோதும் அறிவிப்பு முறை மாறவில்லை.

ராணுவத் தளபதி கிச்சனருடன் மூண்ட தகராறில் கர்ஸன் 1905ல் ராஜினாமாச் செய்து கப்பலேறினார். 1911ல் வங்காளப் பிரிவினை ரத்தாயிற்று. அதே ஆண்டில் அவர் தம் நாட்டிலே பாழடைந்து கிடந்த டாட்டர்ஷல் கோட்டையை விலைக்கு வாங்கினார்; விற்கப்பட்டுப்போன அதன் கணப்புச் சிற்பங்களைத் தேடி மீட்டு வந்து மறுபடி பதித்தார். பின்னர் போடியம் கோட்டையையும் வாங்கினார். 1925 மார்ச் 20ஆம் தேதி காலமானபோது, இரண்டையும் உயில் மூலம் பொதுமக்களுக்கென்று தேசிய அறக்கட்டளையிடம் விட்டுச் சென்றார்.